35,000 ரூபாயில் மகளுக்கு லேப்டாப்: எதற்குக் காசு கொடுப்பது, எதை விடுவது?

வாசகி கேள்வி: நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். கணவருக்கு விசைத்தறி வேலை. நான் மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறேன். மகள் திருநெல்வேலியில் பி.காம். முதலாண்டு, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். டேலி, எக்செல் வீட்டில் பழக லேப்டாப் வேண்டும் என்கிறாள். சீட்டு எடுத்த பணம் 35,000 ரூபாய் கையில் இருக்கிறது. கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று செலரான், 22,990 ரூபாய். மற்றது ஐ3, 34,500 ரூபாய். இரண்டிலும் 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி என்றுதான் எழுதியிருக்கிறது. பிறகு எதற்குப் பன்னிரண்டாயிரம் வித்தியாசம்? சென்னையில் இருக்கும் அண்ணன் மகனோ, “ரிச்சி தெருவில் 17,000-க்கு ஐ5 திங்க்பேட் கிடைக்கிறது அத்தை, ஐ3-ஐ விட ஐ5 மேல்” என்கிறான். மூத்தவனுக்கு 2017-இல் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று பரணில் கிடக்கிறது. அதைச் சரிசெய்தால் போதாதா? எது வாங்கினாலும் அதில் நான் குழுவுக்காகத் தமிழில் அடிக்க முடியுமா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை. மகளின் கல்லூரி அலுவலகத்தில் அரசு லேப்டாப் பற்றிக் கேட்டுவிடுங்கள். 2011-இல் தொடங்கிய பழைய திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. உங்கள் மூத்தவனுக்கு வந்தது அதுதான். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்தது. உங்கள் மகளின் கல்லூரி அதில் வருகிறதா, எந்த வருட மாணவர்களுக்கு என்று அலுவலகத்தில்தான் சரியாகச் சொல்வார்கள். பெயர் வரும் என்றால் சீட்டுப் பணத்தைத் தொட வேண்டாம். வராது என்றால் மேலே படியுங்கள்.

நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பதினேழு வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். லேப்டாப் விற்பதில்லை, பழுதுதான் பார்க்கிறேன். அதனால் வாங்கி இரண்டு வருடம் கழித்து ஒவ்வொன்றும் என்ன நிலைமையில் வருகிறது என்பது தினமும் கண்ணில் படுகிறது. அதை வைத்து ஒன்றைச் சொல்கிறேன். லேப்டாப்பில் சிலவற்றைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்: ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி, பேட்டரி, ஸ்லாட் இருந்தால் ராம். சிலவற்றை மாற்றவே முடியாது: லேப்டாப்பின் மூளையான பிராசஸர், மதர்போர்டோடு ஒட்டி வரும் ராம், பாடியின் உறுதி. மாற்ற முடியாததற்கு இப்போதே நல்ல காசு கொடுங்கள். மாற்ற முடிந்ததில் குறைந்தால் பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் காட்டுவார்கள். “8 ஜிபி, 512 எஸ்எஸ்டி” என்று பெரிய எழுத்தில் இருக்கும். பிராசஸர் பெயர் கீழே பொடி எழுத்தில் கிடக்கும்.

செலரான், ஐ3 என்பதெல்லாம் பிராசஸர் பெயர்கள். உங்கள் பன்னிரண்டாயிரம் அந்தப் பொடி எழுத்துக்குத்தான்.

உங்கள் வீட்டுத் தொழிலை வைத்தே சொல்கிறேன். பிராசஸருக்குள் வேலை செய்யும் கோர் என்பதைத் தறி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விலையில் வரும் செலரான் பெரும்பாலும் என்4500. அதில் தறி இரண்டு, அதுவும் சின்னத் தறி. 34,500-க்குக் காட்டியது ஐ3-1215யு என்றால் அதில் ஆறு தறி ஓடும். இரண்டு பெரியது, நான்கு சின்னது. ராம் என்பது பக்கத்தில் எடுத்து வைத்த நூல் மாதிரி. நூல் எவ்வளவு குவிந்திருந்தாலும் இரண்டு தறியில் இரண்டு தறிக்கான துணிதான் வரும். செலரான் லேப்டாப்பைக் கடையில் போட்டுக் காட்டும்போது நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே ஒரு வேலையும் ஓடாது. வீட்டுக்கு வந்ததும் விண்டோஸ் அப்டேட் ஒரு பக்கம், வைரஸ் ஸ்கேன் ஒரு பக்கம், குரோமில் நான்கைந்து பக்கம், நடுவில் ஆன்லைன் வகுப்பு. அப்போது மவுஸ் அம்புக்குறி திரையில் நின்று நின்று நகரும். “வாங்கி ஆறு மாதம்தான் ஆச்சு சார், ரொம்ப ஸ்லோ” என்று என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அவர்களுக்கு நான் செய்து தர ஒன்றுமில்லை. பார்மட் அடித்துக் கொடுத்தால் பத்து நாள் தாங்கும். காசை வாங்கிக்கொண்டு அதைச் சொல்லும்போது எனக்கே மனது கஷ்டப்படுகிறது. கேட்டுவிட்டு வாங்கியிருந்தால் அந்தக் காசு அவர்களுக்கு மிஞ்சியிருக்கும்.

அதனால் 22,990 வேண்டாம். ஒரு வருடத்துக்குள் மகள் சலித்துப்போவாள், மூன்றாம் வருட ப்ராஜெக்ட் நேரத்தில் இன்னொன்று வாங்க வேண்டி வரும். இதைவிட விலை குறைத்துச் சிலவற்றில் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்று 64 அல்லது 128 ஜிபி இருக்கும். அது போர்டில் ஒட்டியது, மாற்ற வழியில்லை. அதைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள்.

ரைசன் என்ற பிராசஸர் உள்ள ஒன்றையும் காட்டுவார்கள், ரைசன் 3 7320யு. ஏழாயிரம் என்று ஆரம்பிப்பதால் ரொம்பப் புதிது போலத் தெரியும். அந்த எண்ணில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்று இருந்தால் உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. மோசமில்லை, செலரானைவிடப் பல மடங்கு நல்லது. ஆனால் அதன் ராம் போர்டோடு ஒட்டித்தான் வரும். 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபி.

ஐ3-1215யு எடுத்தால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா?” அவர் தெரியாது என்றால் லேப்டாப்பிலேயே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று பயன்பாட்டில் என்பது போல எழுதியிருக்கும். உங்கள் மகளின் வேலைக்கு இன்றைக்கு 8 ஜிபி போதும். டேலி ரொம்ப லேசான சாஃப்ட்வேர். ராமைத் தின்பது குரோம்தான். ஸ்லாட் இருந்தால் இரண்டு வருடம் கழித்து ஒரு 8 ஜிபி சேர்த்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் ராம் சல்லிசாகக் கிடைத்தது. 2025 கடைசியிலிருந்து விலை கடுமையாக ஏறிவிட்டது. ஏஐ-க்காகக் கட்டும் டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. ஆகவே இரண்டாயிரம், மூவாயிரம் கூடுதலில் 16 ஜிபியாகவே கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அதற்காகக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

இப்போது அண்ணன் மகன் சொன்னது. பையன் நல்ல மனதோடுதான் சொல்கிறான், பாதி சரியும்கூட. ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் வைத்திருந்துவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் திங்க்பேட், லேட்டிடியூட், எலைட்புக் எல்லாம் துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டு ரிச்சி தெருவுக்கு வருகின்றன. கட்டுமானத்தில் இன்றைய முப்பதாயிரம் ரூபாய் புது லேப்டாப் எதுவும் அவற்றின் பக்கத்தில் நிற்காது. ஆனால் “ஐ5” என்ற பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது எந்த வருட ஐ5 என்பதுதான் முக்கியம். ஐ5-6300யு என்றால் 6-வது ஜெனரேஷன், 2015-இல் வந்தது, இரண்டே கோர். ஐ5-8250யு என்றால் 8-வது, 2017-இல் வந்தது, நான்கு கோர். உங்கள் ஐ3-1215யு 12-வது, 2022-இல் வந்தது. 2015 ஐ5-ஐ 2022 ஐ3 சுலபமாகத் தாண்டிவிடும்.

அதைவிட முக்கியமான காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் பொதுவாக 8-வது ஜெனரேஷனாவது வேண்டும். அதனால் 6-வது, 7-வது ஜெனரேஷன் சரக்கை விற்றுத் தள்ளப் பார்க்கிறார்கள். ஏதோ குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றி, “பாருங்க, ஓடுது” என்று காட்டுவார்கள். ஓடும். நாளைக்கு ஒரு பெரிய அப்டேட் வரும்போது நின்றால் கேட்க ஆள் இருக்காது. திங்க்பேடில் டி460, டி470, டி480 மூன்றும் வெளியே பார்க்க அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். அண்ணன் மகனிடம் “டி480-ஆ? 8-வது ஜெனரேஷனா?” என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் அது மதிக்கத்தக்க யோசனை. டி480-இல் ராம் ஸ்லாட் இரண்டு. பேட்டரியும் இரண்டு, ஒன்றைக் கையாலேயே கழற்றி மாட்டலாம்.

உங்களிடம் 20,000 மட்டும் இருந்தால் செலரானை விட்டுவிட்டு இதைத்தான் வாங்கச் சொல்வேன். 35,000 இருப்பதால் புது ஐ3 எடுங்கள். காரணம் வேகம் மட்டுமில்லை. பழையதுக்குக் கடைக்காரர் வாய்வார்த்தையாகத் தரும் மூன்று மாத வாரண்டிக்குச் சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்குப் போக முடியாது. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விண்டோஸிலேயே ஒரு பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கலாம். பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை செட்டிங், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் இங்கே இருந்துகொண்டு சரிபார்க்க வழியில்லை.

அடுத்தது ஹிஞ்ச், அதாவது மூடியைத் திறந்து மூடும் கீல். யாரும் கேட்காத விஷயம், என் மேசைக்கு அதிகம் வருவதும் இதுதான்.

போன மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மகன் பாலிடெக்னிக். வாங்கிப் பதினான்கு மாதம், அதாவது வாரண்டி முடிந்து இரண்டு மாதம். துண்டைப் பிரித்தால் ஸ்கிரீன் ஒரு பக்கம் தொங்குகிறது. திறந்து பார்த்தேன். கீல் இரும்பு நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருக்கும் இடம்தான் போயிருந்தது. விலை குறைந்த லேப்டாப்பில் மூடியின் பிளாஸ்டிக்கிலேயே சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னத் தூண்கள் வார்த்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பித்தளை மறை இருக்கும், ஸ்க்ரூ அதில் ஏறும். மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கத் திறக்க பாரம் முழுவதும் ஒரே பக்கம் விழும். ஒரு நாள் அந்தத் தூண் வேரோடு பிடுங்கிக்கொள்ளும். அவர் லேப்டாப்பில் நான்கு பித்தளை மறையும் உதிர்ந்து உள்ளே கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. சர்வீஸ் சென்டரில் மூடி முழுவதையும் மாற்றச் சொல்லி ஏழாயிரம் கேட்டிருக்கிறார்கள். நான் பசை ஊற்றி மறையை உட்கார வைத்துக் கொடுத்தேன். அது எத்தனை நாள் தாங்கும் என்று உறுதி தர முடியாது என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

ஆகவே கடையில் டிஸ்ப்ளேக்கு வைத்திருக்கும் லேப்டாப்பை நீங்களே திறந்து மூடிப் பாருங்கள். மூடியின் நடுவில் விரல் வைத்துத் தூக்க வேண்டும். ரொம்ப இறுக்கமாக இருந்து அடிப்பாகமும் கூடவே எழுந்தால் யோசியுங்கள், இறுக்கம் கூடக்கூட அந்தத் தூண்களுக்குத்தான் வேதனை. திறக்கும்போது ஸ்கிரீன் ஓரச் சட்டம் கீல் பக்கத்தில் லேசாக வாய் பிளக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு மகளுக்கு ஒன்றே ஒன்று பழக்குங்கள்: எப்போதும் நடுவில் பிடித்துத் திறப்பது. பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே கம்பியில் வைத்து, அதன் மேல் இன்னொருவர் சாக்குப் பையை வைத்து ஸ்கிரீன் உடைந்து வந்த கேஸ் நிறையப் பார்த்துவிட்டேன்.

தினமும் பஸ்ஸில் போகிறவளுக்கு 14 இன்ச் வசதி என்று பலரும் சொல்வார்கள். நான் 15.6 இன்ச் எடுக்கச் சொல்வேன். பி.காம். பிள்ளைக்கு வலது பக்கம் தனியாக எண் பட்டன்கள் இருக்க வேண்டும். 15.6 இன்ச் லேப்டாப்பில் பெரும்பாலும் அது இருக்கும், 14 இன்ச்சில் இருக்காது. டேலியில் வவுச்சர் போடுகிறவர்களின் வலது கையைப் பாருங்கள், அங்கிருந்து நகரவே நகராது. தினமும் கல்லூரிக்குத் தூக்கிப் போகத் தேவையில்லை, கல்லூரியில் லேப் இருக்கும். கட்டாயம் 14 இன்ச்தான் என்றால் தனி நம்பர் பேடு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

ஸ்கிரீன் ஃபுல் எச்டி, அதாவது 1920-க்கு 1080 என்று இருக்க வேண்டும். எழுந்து நின்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். நிறம் வெளிறி நெகட்டிவ் போல மாறினால் அது டிஎன் பேனல். மாறாமல் இருந்தால் ஐபிஎஸ். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எக்செல் கட்டங்களை உற்றுப் பார்க்கப்போகிற கண்ணுக்கு ஐபிஎஸ் நல்லது.

டேலிக்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். “ஃபுல் வெர்ஷன் போட்டுத் தர்றேன், ஐந்நூறு ரூபாய்” என்று வருவார்கள். அது திருட்டுப் பிரதி, வைரஸும் கூடவே வரும். டேலி பிரைமை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி எஜுகேஷனல் மோடில் இலவசமாக ஓட்டலாம். அதில் முக்கியமான கட்டுப்பாடு தேதிதான். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் கணக்குப் பதிய முடியும். பழகுவதற்கு அது தாராளம். டேலி விண்டோஸில்தான் ஓடும் என்பதால், குறைந்த விலைக்குக் குரோம்புக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எம்.எஸ். ஆபீஸ் கூடவே வருகிறதா, நிரந்தரமா, ஒரு வருடத்துக்கா என்று கேளுங்கள். இதில் ஒரு சிக்கல் அடிக்கடி நடக்கிறது. கடையில் இருக்கும் பையன் அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியைப் போட்டு ஆபீஸை ஆக்டிவேட் செய்துவிடுவான். பிறகு அந்த உரிமை அவன் கணக்கோடு போய்விடும். ஒரு வருடம் கழித்து விண்டோஸ் மாற்றிப் போடும்போது ஆபீஸ் கேட்கும் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. முதல் முறை ஆன் செய்யும்போது மகளின் மெயில் ஐடி, மகளின் போன் நம்பர் மட்டும்தான் போட வேண்டும். அந்தப் பாஸ்வேர்டை உங்கள் குழுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பில் ஜிஎஸ்டி பில்லாக, அதில் லேப்டாப்பின் சீரியல் நம்பர் இருக்கும்படி வாங்குங்கள். அன்றைக்கே கம்பெனி தளத்தில் அந்த நம்பரைப் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். முன்தேதியாக இருந்தால் பில்லைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம், ஆனால் உடனே செய்ய வேண்டும். எந்த கம்பெனி என்று கேட்டால், திருநெல்வேலியில் சர்வீஸ் சென்டர் இருக்கிற கம்பெனி, அல்லது வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஆன்சைட் வாரண்டி தருகிற கம்பெனி. அதற்கு மேல் பெயர் பார்த்து வாங்க இந்த விலையில் பெரிய காரணம் இல்லை.

பரணில் இருக்கும் லேப்டாப்பை மகளுக்காகச் சரிசெய்ய வேண்டாம். அதன் பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் வராது. ஹார்டு டிஸ்க் இத்தனை வருடம் சும்மா கிடந்தது, பேட்டரி உப்பியிருக்கக்கூட வாய்ப்பு உண்டு. அடிப்பாகம் புடைத்திருந்தால் சார்ஜ் போடாதீர்கள், முதலில் பேட்டரியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். போட்டோ ஏதாவது உள்ளே இருந்தால் எடுத்துவிடலாம். காசு போடாமல் உயிர் வந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம் ஏற்றி டைப்பிங் பழக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு பிளக்பாயின்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனிடம் பார்த்துவிடுங்கள். சார்ஜில் இருக்கும்போது லேப்டாப்பைத் தொட்டால் சுரீரென்று இழுப்பதற்குப் பெரும்பாலும் எர்த் இல்லாததே காரணம். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் அடியில் காற்று போகும் துளை அடைபடும். ஒரு பலகையோ பரீட்சை அட்டையோ அடியில் கொடுங்கள்.

கடைசியாக உங்கள் கேள்வி. தாராளமாகத் தமிழில் அடிக்கலாம், அதற்குத் தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் என்று இரண்டு கீபோர்டுகள் இருக்கின்றன. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் என்ற இடத்தில் தமிழைச் சேர்த்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். போனில் ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் அடித்துப் பழகியவர் என்றால் அஞ்சல் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர் என்றால் தமிழ்99 எடுங்கள். உயிரெழுத்து இடது கைக்கும் மெய் பெரும்பாலும் வலது கைக்கும் வரும்படி அமைத்தது. முதல் இரண்டு வாரம் தடுமாறும், அப்புறம் வேகம் பிடிக்கும். விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், திரும்ப ஆங்கிலத்துக்கும் மாறும். குழுக் கூட்டத்தின் தீர்மானத்தை அடுத்த மாதம் நீங்களே அடித்துப் பாருங்கள்.